வெண்பாவுக்கு வெளியே நின்ற பெயர்

ஹாலிதா எங்கள் அச்சகத்துக்கு வேலை கேட்டு வந்த அன்று முதலாளி கனகலிங்கம் அவளுக்கு ஒரு சோதினை வைத்தார். ஒரு கல்யாண அழைப்பிதழ், ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியின் நிகழ்ச்சி நிரல், ஒரு கல்வெட்டு மூன்றையும் கொம்பியூட்டரில் அடித்துக் காட்டச் சொன்னார்.

கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் கல்லில் வெட்டுவதல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம். வெளியே அவருடைய படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகளின் புலம்பல். எல்லாவற்றுக்கும் முன்னால், அவர் இறந்த ஆண்டையும் மாதத்தையும் திதியையும் சொல்லும் நான்கு அடி வெண்பா ஒன்று இருக்கும். திதி வெண்பா என்போம்.

இது 2003 ஆம் ஆண்டு, வவுனியாவில். சமாதான காலம். போரில் பூட்டிக் கிடந்த ஏ-ஒன்பது வீதி திறந்து, வன்னிக்குள் இருந்து சனம் வந்து போய்க்கொண்டிருந்தது. அச்சகத்துக்கு நல்ல வேலை. நான் அங்கே பைண்டிங் பகுதியில் இருந்தேன். தாள் மடிப்பதும் கம்பி அடிப்பதும் என் வேலை. ஹாலிதாவின் மேசைக்கும் என் மேசைக்கும் இடையில் ஒரு அலுமாரி மட்டும்தான்.

அவள் முக்காட்டின் நுனியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு மூன்றையும் அடித்து முடித்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. கனகலிங்கம் கொஞ்சம் தயங்கினார்.

"பிள்ளை, எங்களுக்கு வாற வேலையில பாதி கல்வெட்டு. தேவாரம் திருவாசகம் எல்லாம் அடிக்க வேணும். உமக்கு அது பரவாயில்லையோ?"

"தமிழ்தானே அண்ணை. ஆனா இந்த வெண்பா பிழை."

"என்ன பிழை?"

"மூண்டாம் அடியில தளை தட்டுது. சீரோட சீர் ஒட்டேல்லை."

கனகலிங்கம் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். பதினாலு வருடமாக அந்த அச்சகத்தில் அந்த வெண்பாவைத்தான் அடித்துக்கொண்டிருந்தோம். பெயரையும் திதியையும் மட்டும் மாற்றுவோம். ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

"செத்த வீட்டுக்காரர் ஆர் பிள்ளை சீர் எண்ணப் போகினம்?" என்றார் அவர். ஆனாலும் அடுத்த நாளிலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

ஹாலிதாவின் ஊர் முல்லைத்தீவு நீராவிப்பிட்டி. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம் சனங்களை வெளியேற்றியபோது அவளுக்குப் பதினொரு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டில் முகாமில் வளர்ந்தாள். முகாம் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் தமிழ் படித்தவர்களுக்கு யாப்பிலக்கணப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம், அதுவும் அட்டை இல்லாதது. இவள் ஒரு கொப்பியில் அதைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். வெண்பா அதிகாரம் முடிகிற நேரம், புத்தகத்துக்குச் சொந்தக்காரரான குடும்பம் வேறு முகாமுக்கு மாறிப் போய்விட்டது.

"எனக்கு வெண்பா மட்டும்தான் தெரியும் அக்கா. மற்றப் பா எல்லாம் லொறியில ஏறிப் போயிட்டுது" என்று அவள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்தாலும் அதில் அவளுக்கு உண்மையான கவலை இருந்தது.

இரண்டாயிரத்து இரண்டில் அவளுடைய வாப்பா காணியைப் பார்க்க நீராவிப்பிட்டிக்குப் போய்விட்டார். வீடு இருந்த இடத்தில் பற்றை. அதைத் துப்புரவாக்கும் வரை உம்மாவும் இவளும் வவுனியாவில் ஒரு உறவுக்காரரின் வீட்டில் இருந்தார்கள். அந்த இடைக்காலத்துக்குத்தான் இந்த வேலை. பிறகு அந்த இடைக்காலம் நீண்டுகொண்டே போனது.

அவளுக்கு ஒரு பழக்கம். எந்தச் சொல்லைக் கண்டாலும் வலது கை விரல்கள் மேசையில் தாளம் போடும். நேரசைக்கு ஒரு விரல், நிரையசைக்கு இரண்டு விரல். ஒரு எழுத்து தனியே நின்றால் நேர், குறில் ஒன்று அடுத்த எழுத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தால் நிரை. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் நாங்களும் தேமா புளிமா என்று படித்ததுதான். நாங்கள் சோதினையோடு மறந்துவிட்டோம். அவள் கடைப் பலகைகளையும் பஸ்ஸின் முன் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களையும் கூட அசை பிரித்துக்கொண்டு நடப்பாள்.

ஒருநாள் என் பெயரையும் பிரித்தாள். சிவ, தர், சினி. இரண்டு விரல், ஒரு விரல், இரண்டு விரல்.

"கனி அக்கா."

"என்ன கனி?"

"மூண்டு அசை வந்து கடைசி நிரையில முடிஞ்சா அது கனிச்சீர். வெண்பாக்குள்ள கனி வராது. நீங்க வெளியில."

"அப்ப எனக்குக் கல்வெட்டு அடிக்க ஏலாதோ?"

"அல்லாஹ், ஏன் அக்கா இப்பிடிக் கதைக்கிறீங்க!"

கனகலிங்கம் எட்டிப் பார்த்துத் தன் பெயரைக் கேட்டார். கருவிளங்காய் என்றாள். காய் வெண்பாவுக்குள் வரலாம். அவர் அன்று முழுவதும் நல்ல சந்தோசமாக இருந்தார்.

அவள் அந்தப் பழைய வெண்பாவை விடவில்லை. பெயர் வருகிற இடத்தை மட்டும் எடுத்து நாலைந்து நாள் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "இதை முதல் எழுதினவர் நல்லாத் தெரிஞ்சு எழுதியிருக்கிறார். பொன்னம்மா மாதிரி ஒரு பேருக்கு எழுதினது. பொன், னம், மா. மூண்டு நேர். அந்த அம்மாவுக்கு இது கச்சிதமா இருந்திருக்கும். அதுக்குப் பிறகு செத்தவை எல்லாரையும் நாங்க அந்த அம்மாவின்ட இடத்தில கொண்டுபோய் இருத்தியிருக்கிறம்."

அதன் பிறகு நேரம் கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொரு கல்வெட்டிலும் பெயருக்கு ஏற்ப முன்பின் சொற்களை மாற்றி வெண்பாவைச் சரிக்கட்டினாள். யாரும் கேட்கவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

சிற்றம்பலம் ஐயா வந்தது 2004 ஆனி மாதம். வன்னிக்குள் அக்கராயனில் நெல் வயல் செய்கிறவர். சின்ன வயதில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய மனைவி அன்னபாக்கியம் வைகாசி மாதம் வவுனியா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மகள் விமலேஸ்வரி வவுனியாவில் ரீச்சர். அதனால்தான் கல்வெட்டு வேலை எங்களிடம் வந்தது. மகள்தான் எல்லாம் கதைத்தார். ஐயா கதிரையில் இருந்து சேட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு ஹாலிதா பெயரைப் பிரித்தாள். அன், னபாக், கியம். ஒரு விரல், இரண்டு, இரண்டு.

"கூவிளங்கனி" என்றாள். "வரவே வராது."

இரண்டாகப் பிரித்துப் பார்த்தாள். அன்ன, பாக்கியம். அப்போதும் நடுவில் தளை தட்டியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். அன்னம்மாள். மூன்று நேர். வெண்பா ஒரு இடறலும் இல்லாமல் ஓடியது. படியை என்னிடம் கொண்டுவந்து வாசித்தும் காட்டினாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

இரண்டு நாள் கழித்து ஐயா தனியாக வந்து படியை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்ல வாசித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"பிள்ளை, இது ஆர்?"

"அம்மாதான் ஐயா."

"என்ரை மனிசியின்ரை பேர் அன்னபாக்கியம். அன்னம்மாள் எண்டு ஒருத்தியை எனக்குத் தெரியாது."

கோபமாகச் சொல்லவில்லை. வேறு யாரோ வீட்டுக்கு வழிதவறி வந்துவிட்டவர் போலத்தான் சொன்னார். ஹாலிதாவின் முகம் சுண்டிப்போனது. அவசரமாக விளக்கத் தொடங்கினாள். ஒரு விரல், இரண்டு விரல், கனி, காய். அவர் பொறுமையாகக் கேட்டார். அவள் செய்தது போலவே மேசையில் தானும் விரலால் தட்டிப் பார்த்தார். வயல் வேலையில் தடித்துப்போன விரல்கள்.

"அப்ப என்ரை பேர்?"

அவள் தயங்கித் தயங்கிப் பிரித்தாள். சிற், றம், பலம்.

"அதுவும் கனிதான் ஐயா. தேமாங்கனி."

"ரண்டு பேரும் வெளியிலையோ!" என்று அவர் சிரித்தார். மனைவி இறந்த பிறகு அன்றுதான் சிரித்திருப்பார் என்று எனக்குப் பட்டது. சிரிப்பு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீர் பிழையாச் செய்யேல்லை மகள். பாட்டுக்குச் சரியாத்தான் செய்திருக்கிறீர். ஆனா நாப்பத்தாறு வருஷம் என்னோடை இருந்தவ. கடைசியா ஒரு கடதாசியிலை பேர் வாறது. அது அவவின்ரை பேரா இருக்க வேணும், இல்லையோ?"

ஹாலிதா ஓமென்று தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் அவர் சேட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கொப்பியிலிருந்து கிழித்து எட்டாய் மடித்தது. "நான் ஒண்டு எழுதினனான். மகள் போட வேண்டாமெண்டிட்டா. நீர் ஒருக்கா பாரும். பாட்டோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது."

அதில் பதினொரு வரி இருந்தது. அவர் போன பிறகு ஹாலிதா அதை எனக்கு வாசித்தாள்.

இஞ்சாரும், கிணத்தடியிலை வாளி கிடக்கு.
இஞ்சாரும், மழை இருட்டுது, நெல்லை அள்ளுவம்.
இஞ்சாரும், இந்தச் சேட்டிலை தெறி இல்லை.
இஞ்சாரும், பிள்ளைக்குக் காய்ச்சல் காயுது.
இஞ்சாரும், குளம் வான் பாயுதாம், பாக்கப் போவமோ?
இஞ்சாரும், கந்தோராலை கடிதம் வந்திருக்கு.
இஞ்சாரும், பிள்ளை சோதினை பாஸாம்.
இஞ்சாரும், சாமானை ஏத்தும், சனம் எல்லாம் வெளிக்கிட்டுது.
இஞ்சாரும், உம்மடை கண்ணாடி அலுமாரிக்கு மேலை.
ஆஸ்பத்திரிக் கட்டிலிலை இப்பதான் கொஞ்சம் கண்ணயர்ந்தவ.
இஞ்சாரும், திறப்பை எங்கை வைச்சனீர்?

எங்கள் பக்கத்து ஆண்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. இஞ்சாரும் என்பார்கள். இங்கே பாரும் என்பது தேய்ந்து வந்த சொல். என் புருசனும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் அதை ஒரு சொல் என்று நினைத்ததே இல்லை.

ஹாலிதா அந்தத் தாளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பென்சில் கோடுகளோடு கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள்.

"எதுகையைத் தேடினன் அக்கா, இல்லை. பிறகுதான் பார்த்தா, ரெண்டாம் எழுத்து மட்டுமில்லை, முழுச் சொல்லுமே ஒவ்வொரு வரியிலயும் அதேதான். எதுகைக்கு மேல போயிட்டார். ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னா அலுக்க வேணும். எனக்கு அலுக்கேல்லை. ஏனெண்டு யோசிச்சன்."

"ஏன்?"

"நீங்க சத்தமா வாசிச்சுப் பாருங்கோ."

வாசித்தேன். வாளி வரியிலும், சட்டைப் பொத்தானைக் கேட்கிற தெறி வரியிலும் அது சும்மா ஒரு கூப்பிடுதல். மழை வரியில் அவசரம். காய்ச்சல் வரியில் பயம். அலுவலகத்திலிருந்து, எங்கள் பேச்சில் கந்தோரிலிருந்து, கடிதம் வந்த வரியில் பரபரப்பு. குளம் நிரம்பி வழிவதைத்தான் வான் பாய்வது என்போம்; அந்த வரியில் கலியாணம் முடித்த புதிதில் ஒரு பொடியன் கூப்பிடுகிற குரல். சாமான் ஏற்றச் சொல்கிற வரியை வாசித்தபோது, நாங்கள் ஓடிய நாட்கள் எனக்கு நினைவு வந்தன. திறப்பு வரியில், வீட்டுச் சாவியைத் தேடி ஆளில்லாத வீட்டில் கூப்பிடுகிற குரல். சொல் மாறவேயில்லை. குரல் தானாக மாறியது.

"விளங்குதா?" என்றாள். "அவர் ஒவ்வொரு வரியிலயும் எப்பிடிக் கூப்பிட்டவர் எண்டு எழுதவேயில்லை. பின்னால வாற மூண்டு நாலு சொல்லு அதைச் செய்யுது. இதை ஒரு வாத்தியார் எழுதியிருந்தா, அன்பாக அழைத்தேன், அச்சத்தோடு அழைத்தேன் எண்டு எழுதிப் பழுதாக்கியிருப்பார்."

பிறகு பத்தாம் வரியைக் காட்டினாள். அதன் முன்னால் பென்சிலால் 'இஞ்சாரும்' என்று எழுதியிருந்தாள். "இதில மட்டும் விட்டிட்டார். பார்த்து எழுதேக்க தவறியிருக்கும். போட்டிட்டன்."

ஐயா மூன்றாம் நாள் வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. ஹாலிதா திருத்திய தாளை நீட்டினாள். அவர் பத்தாம் வரியில் நின்றார்.

"மகள், இதிலை நான் கூப்பிடேல்லை."

"தவறினதெண்டு நினைச்சன் ஐயா."

"இல்லை. ரண்டு நாளா நோவிலை துடிச்சவ. அண்டைக்கு விடிய ஊசி போட்டாப் பிறகுதான் கொஞ்சம் கண்ணயர்ந்தவ. நான் கட்டிலோரமா நிண்டனான். கூப்பிட வேணும் போலை கிடந்தது. கூப்பிட்டா எழும்பிடுவா எண்டு பேசாமல் நிண்டனான். அப்பிடியே போயிட்டா."

ஹாலிதா அழிறப்பரை எடுத்துத் தான் எழுதிய சொல்லை அழித்தாள். நிறைய நேரம் எடுத்து, ஒரு கறையும் இல்லாமல் அழித்தாள். பிறகு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரே மனிதரை ஒரே கிழமையில் இரண்டுதரம் திருத்தப் போன வெட்கமும் அதில் இருந்தது என்று பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

விமலேஸ்வரி ரீச்சர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா, உங்கடை மனசு விளங்குது. ஆனா பள்ளிக்கூட ஆக்கள் எல்லாம் வருவினம். வாளி, தெறி எண்டு கல்வெட்டிலை போட்டா சிரிக்க மாட்டினமோ? முறையான ஒரு வெண்பா, ஒரு புலம்பல், அது போதும்."

"ரீச்சர், ஒருக்கா நீங்க வாசியுங்கோ" என்றாள் ஹாலிதா. "சத்தமா."

ரீச்சர் வகுப்பில் வாசிப்பது போலத் தெளிவாகத் தொடங்கினார். நாலாவது வரியில் குரல் தணிந்தது. 'பிள்ளை சோதினை பாஸாம்' என்ற வரியில் நின்றுவிட்டார். அந்தப் பிள்ளை அவர்தான். மிச்சத்தை வாய்க்குள் வாசித்தார். தாளை மடிக்காமல் மேசையில் வைத்தார்.

"போடுங்கோ" என்றார். "வெண்பாவும் வேணும். அம்மாவின்ரை பேரோடை."

அன்று கனகலிங்கம் கடையில் தேத்தண்ணி எடுப்பித்தார். ஹாலிதாவும் ஐயாவும் நானும் மேசையைச் சுற்றி இருந்தோம்.

"அம்மாவை வேற விதமா ஆராவது கூப்பிடுவினமோ ஐயா?"

"அவவின்ரை ஐயா பாக்கியம் எண்டு கூப்பிடுறவர். அது அவவுக்குப் பிடிக்கும்."

ஒரு விரல், இரண்டு விரல். "பாக்கியம் கூவிளம். உள்ளுக்கு வரும் ஐயா!" பிறகு அவள் விரல்கள் அந்தரத்தில் நின்றன. "இஞ்சாரும். இஞ், சா, ரும். தேமாங்காய். ஐயா, இதுவும் வரும். பேர் வராத இடத்தில நீங்க கூப்பிட்டது வரும்." கண் பெரிதாகிவிட்டது. "திதி என்ன சொன்னீங்க?"

"வைகாசிப் பூர்வபட்சம், பஞ்சமி."

"பஞ்சமி!" என்று கத்தியே விட்டாள். "இஞ்சாரும், பஞ்சமி. எதுகை. நான் தேட வேண்டியதே இல்லை, அம்மா கொண்டுவந்து தந்திட்டா."

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் எழுதுவதும் வெட்டுவதுமாக இருந்தாள். அது தாரண வருசம்; பூர்வபட்சம் என்பது வளர்பிறை. கடைசி அடி மட்டும் வரவில்லை. கட்டிலோரம் நின்றதைச் சொல்ல எத்தனையோ பெரிய சொற்களைப் போட்டுப் பார்த்தாள். ஐயாதான் சொன்னார்: "ஏன் மகள் கஷ்டப்படுறீர்? ஓரமா நிண்டன். அவ்வளவுதான்." அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். ஓரமாய் நின்றேன். ஒரு அசையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இஞ்சாரும் என்றழைத்தால் ஏனென்னும் பாக்கியம்
பஞ்சமியில் வைகாசிப் பூர்வத்தில் – நெஞ்சுருகத்
தாரணத்தில் கண்துயின்றாள் தட்டி யெழுப்பாமல்
ஓரமாய் நின்றேன் உடன்.

"ரெண்டாம் அடியில மோனை நல்லா வாய்க்கேல்லை" என்று ஹாலிதா முணுமுணுத்தாள். ஐயா அதைக் கேட்கவில்லை. முதல் சொல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

கல்வெட்டு அச்சாகி முடிய, முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் ஆகிவிட்டது. கட்டுகளைப் பஸ்ஸில் அனுப்ப மனமில்லாமல் நானும் ஹாலிதாவும் கொண்டுபோனோம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்டி, கிளிநொச்சியில் மாறி ஏறி, அக்கராயன் போய்ச் சேர்ந்தோம். ஹாலிதா தொண்ணூறுக்குப் பிறகு வன்னிக்குள் ஒரு இரவு தங்கியது அதுதான் முதல் தரம். ரீச்சர் அவளுக்குத் தொழுகைக்கு உள் அறையை ஒழித்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் பந்தலில் நல்ல சனம். கல்வெட்டை வாசிக்க ஒரு பாடகரை ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். அவர் தேவாரமும் வெண்பாவும் பாடினார். ஐயாவின் பதினொரு வரி இருந்த பக்கத்துக்கு வந்ததும் ரீச்சர் எழும்பி, தான் வாசிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

முதல் இரண்டு வரிக்குப் பொம்பிளைகள் பக்கத்தில் மெல்லிய சிரிப்பு. மூன்றாவது வரிக்கு அது நின்றது. ஐந்தாம் ஆறாம் வரிகளில் சனம் தன்னை அறியாமல் அந்தச் சொல்லைக் கூடச் சொல்லத் தொடங்கிவிட்டது. ரீச்சர் வாய் திறக்க முதலே பந்தல் முழுக்க இஞ்சாரும் என்று ஒரு முணுமுணுப்பு வரும். கிழவர்கள், நேற்றுக் கலியாணம் முடித்தவர்கள், எல்லோரும். எட்டாம் வரி. ஒன்பதாம் வரி. பத்தாம் வரிக்கும் சனம் இஞ்சாரும் என்றது. ரீச்சர் சொல்லவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து ஒரு மனிசி, ரீச்சர் விட்டுவிட்டார் என்று நினைத்து, உரக்க எடுத்துக் கொடுத்தார்.

"இல்லைப் பிள்ளை" என்று ஐயா முன் வரிசையிலிருந்து திரும்பிச் சொன்னார். "அதிலை கூப்பிடக் கூடாது. அவ நித்திரை."

ரீச்சர் அந்த வரியைச் சின்னக் குரலில், ஒருவரையும் எழுப்பிவிடாமல் வாசித்தார். ஹாலிதா என் கையைப் பிடித்த பிடி இன்றும் எனக்கு நோகிறது.

அதற்குப் பிறகு அக்கராயன், ஜெயபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் எங்களைத் தேடி வந்தார்கள். "அந்த முஸ்லிம் பிள்ளை இருக்கிறாவோ?" என்று கேட்பார்கள். ஹாலிதா பழைய வெண்பாவை அழித்தே விட்டாள். வருகிறவர்களை இருத்தி, செத்தவர் என்ன சொல்லிக் கூப்பிடுவார், எதைத் திருப்பித் திருப்பிச் சொல்வார் என்று கேட்பாள். சிலர் அழுவார்கள். சிலர் ஒரு மணித்தியாலம் இருந்து சிரித்துவிட்டுப் போவார்கள். கனகலிங்கம், நேரம் போகிறது என்று முதலில் முறுமுறுத்தார். பிறகு கதிரை இரண்டு கூடப் போட்டார்.

2006 இல் திரும்பவும் சண்டை மூண்டு ஏ-ஒன்பது வீதி பூட்டப்பட்டது. வன்னியிலிருந்து ஆட்கள் வருவது நின்றது. ஹாலிதாவின் வாப்பாவும் நீராவிப்பிட்டியை விட்டு வவுனியாவுக்கே வந்துவிட்டிருந்தார். அடுத்த வருடம் ஹாலிதா அஸ்மினைக் கலியாணம் முடித்தாள். பட்டாணிச்சூரில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்த நல்ல மனிதர். அவள் வேலையை விடவில்லை. 2008 கடைசியில் அக்கராயன் சனம் முழுக்க இடம்பெயர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். ரீச்சர் இடைக்கிடை அச்சகத்துக்கு வந்து, ஐயாவைப் பற்றி எங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போவார். எங்களுக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் வருவார். ஹாலிதா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகைக்குப் பிறகு துஆவில் ஐயாவை நினைப்பதாகச் சொன்னாள்.

2009 வைகாசியில், சண்டைக்குள்ளிருந்து வந்த சனத்தை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமின் பட்டியலில் ஐயாவின் பெயர் கிடைத்தது. வயது போனவர்களை உறவினரிடம் விடத் தொடங்கியபோது மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆவணி மாதம் ஒருநாள் ரீச்சர் அவரை அச்சகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பாதியாய் மெலிந்திருந்தார். போட்டிருந்த சேட்டு மருமகனுடையது.

ஹாலிதா எழும்பி அலுமாரியைத் திறந்தாள். அச்சடிக்கிற எல்லாவற்றிலும் ஒரு பிரதி அதில் வைப்பது வழக்கம். அன்னபாக்கியத்தின் கல்வெட்டை எடுத்து, முன்பக்கத்துப் படம் மேலே தெரிய அவர் மடியில் வைத்தாள்.

"வீட்டிலை இருந்த எல்லாம் போயிட்டுது மகள். இந்தப் படமும் போயிட்டுது எண்டுதான் நினைச்சனான்" என்றார். பிறகு பக்கத்தைப் புரட்டினார். "இது பாடம். பங்கருக்குள்ளை இருக்கேக்கை இதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தனான். பக்கத்திலை இருந்த சனத்துக்கும் பாடமாப் போச்சு. அவையளுக்கு அவவைத் தெரியாது. ஷெல் விழேக்கை எல்லாரும் சேர்ந்து சொல்லுவினம். சின்னப் பிள்ளையளும் சொல்லுங்கள்."

"பத்தாம் வரி?" என்றாள் ஹாலிதா.

"அதிலை ஒவ்வொரு நாளும் ஆரோ ஒராள் பிழை விடும்" என்று அவர் சிரித்தார். "நான் பேசுவன்."

அவர்கள் இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினால் நிற்காது. யார் யார் வந்து சேர்ந்தார்கள், யார் இல்லை, குளத்தின் கட்டு என்ன ஆனது, ஹாலிதாவின் வாப்பா நீராவிப்பிட்டிக்கு எப்போது திரும்பிப் போவார் என்று. நான் தாள் மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு ரீச்சர் வந்து, வாங்கோ அப்பா போவம் என்றார். அவர் கல்வெட்டைச் சேட்டுக்குள் வைத்துத் தெறியைப் பூட்டிக்கொண்டு எழும்பினார்.

"நாளைக்கும் வரட்டோ?" என்று கனகலிங்கத்தைக் கேட்டார்.

"இதென்ன கேள்வி ஐயா, வாங்கோ" என்றார் கனகலிங்கம்.

வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார்.